ஒன்றாம் போர்ட்டில் சந்தனம்

பூவரசனின் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மொரப்பூர் ஆவண ஒப்புநோக்கு மையத்தில் வேலை நடப்பதில்லை என்று யாராவது தவறாக எண்ணிக்கொள்ளக்கூடும். வேலை நடந்தது. வெளியே வருவதுதான் நடக்கவில்லை.

அவர் மகள் கலைமதி நர்சிங் படித்தவள். அரசு மருத்துவமனை வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் வருகிறவர்கள் அந்த வேலையே வேண்டாம் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மாலை ஐந்து ஐம்பதுக்கு மொரப்பூரில் ரயில். அதற்குள் அவளுடைய சான்றிதழ் உண்மையானதுதான் என்று மையத்தின் கம்ப்யூட்டரில் ஒரு பதிவு ஏற வேண்டும். கலைமதி உடற்தகுதிச் சான்று வாங்கத் தருமபுரிக்குப் போய்விட்டதால், சான்றிதழை எடுத்துக்கொண்டு பூவரசன் வந்தார். ஐம்பத்திரண்டு வயது. பட்டுப்புழு வளர்ப்பவர். குரலை உயர்த்திப் பேசி வழக்கமில்லை. புழுக்கொட்டகையில் அதற்குத் தேவையும் வருவதில்லை.

வாசலில் காவலுக்கு இருந்தவர் சவுரியப்பன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மேஜையில் ஒரு பதிவேடும் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டியும் இருந்தன.

"ஒரிஜினல் ஏதாவது ஒண்ணு குடுத்துட்டு உள்ள போங்க."

"எதுக்குங்க?"

"உள்ள போயி ஒரிஜினலைத் தொலைச்சிடறாங்க. அதனால வாசல்லயே வாங்கி வெச்சிடணும்னு ஆர்டர்."

"அப்ப உள்ள எதைக் காட்டறதுங்க?"

"ஜெராக்ஸ்."

"ஒரிஜினல் நெசமான்னு பார்க்கத்தானுங்களே வந்தன்?"

"அதைத்தான் ஜெராக்ஸுல பார்ப்பாங்க. போங்க தம்பி, நீங்கதான் இன்னிக்கு மொத ஆளு."

பூவரசனிடம் இருந்த ஒரே ஒரிஜினல் அந்தச் சான்றிதழ்தான். அதைக் கொடுத்தார். அது பெட்டிக்குள் போனது. ஒன்றாம் எண் போட்ட டோக்கன் கைக்கு வந்தது. திரும்பி வரும்போது, உள்ளே இருக்கும் பிரிண்டர் அடித்துத் தரும் வெளியேறும் சீட்டைக் காட்ட வேண்டும். வாசலில் இருக்கும் கருவி அதிலுள்ள கோடுகளைப் படிக்கும். படித்த பிறகு பெட்டி திறக்கும். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மையம் திறந்த முதல் நாள் அது. நிலைப்படியில் கட்டிய மாவிலை இன்னும் முழுதாகக் காயவில்லை.

உள்ளே கவுன்டரில் அமுதவல்லி இருந்தார். ஜெராக்ஸை வாங்கினார், பார்த்தார், தட்டினார், பதிவு ஏறிவிட்டது என்றார். கடைசியாக ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, "சீட்டு வரும், எடுத்துக்கிட்டுப் போங்கண்ணா" என்றார். நெற்றி நிறையக் குங்குமத்தோடு பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. தாள் இருந்தது. சீட்டு வரவில்லை.

பூவரசன் காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். ஆனால் புழு கூடு கட்டும்வரை காத்திருப்பது வேறு. அதற்கு நாள் கணக்கு உண்டு.

"இன்னொரு வாட்டி அமுக்கிப் பாருங்கம்மா."

"முடியாதுண்ணா. உங்க சீட்டு பத்து நாப்பத்திரண்டுக்கே குடுத்தாச்சுன்னு காட்டுது. கம்ப்யூட்டருக்கு நீங்க வெளிய போயிட்டீங்க."

"இங்கதான நிக்கறன்."

"அது எனக்குத் தெரியுது. அதுக்குத் தெரியல."

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"குடுத்த சீட்டைத் தொலைச்சிட்டேன்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து, அந்த ரசீதைக் கொண்டாந்தா டூப்ளிகேட் போடலாம்."

"ஸ்டேஷனுக்குப் போகலாமுங்களா?"

"தாராளமா. வெளியேறும் சீட்டு இருந்தா போகலாம்."

அப்போது தரையைத் துடைத்துக்கொண்டிருந்த குள்ளம்மாள் நிமிர்ந்தார். மையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே துப்புரவு வேலை பார்ப்பவர். எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடத் தேவையில்லாததால், உள்ளதை உள்ளபடி சொல்லும் வசதி அவருக்கு இருந்தது.

"நான்தாண்ணா மாத்திச் சொருகிட்டன். பூஜைக்கு எல்லா மிசினையும் எறக்கித் தொடைச்சி, சந்தனம் குங்குமம் வெச்சமில்ல? இந்தக் கம்ப்யூட்டர் பொட்டிக்குப் பின்னாடி நாலு ஓட்டை இருக்குது. எல்லாத்துக்கும் வெச்சன். சாமிக்கு முன்னாடி ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம இருக்க முடியுமா? மொத ஓட்டையில சந்தனம் உள்ள பூந்து அடைச்சிக்கிச்சு. ஒயரைப் பக்கத்து ஓட்டையில சொருகிட்டன்."

"குள்ளம்மா, உன்னைக் கேட்டாங்களா?" என்றார் அமுதவல்லி. பிறகு பூவரசன் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அதாண்ணா விஷயம். கம்ப்யூட்டர் ஒண்ணாவது போர்ட்டுக்கே அனுப்பிக்கிட்டு இருக்குது. பிரிண்டர் ரெண்டாவது போர்ட்டுல இருக்குது. செட்டிங்ஸுல போயி, ஒண்ணுல இருக்கற டிக்கை எடுத்து ரெண்டுல போட்டா வந்துடும். நாலு கிளிக்."

"போடுங்கம்மா, புண்ணியமாப் போவும்."

"போட்டுட்டு நான் பதினேழு பி மெமோ வாங்கணுமா? போன வருஷம் இந்த ஸ்கிரீன்ல கடிகாரம் அஞ்சு நிமிஷம் பின்னால ஓடுதுன்னு சரி பண்ணினவரு இன்னும் விளக்கம் எழுதிக்கிட்டு இருக்காரு."

பதினொன்றரை மணிக்குள் உள்ளே இருப்பவர்கள் ஏழு பேரானார்கள். ஒரு மணிக்குப் பத்தொன்பது பேர். யாரும் அவர்களைப் பிடித்து வைத்திருக்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் புளியமரமும், டீக்கடையும், வெயிலும் தெரிந்தன. எழுந்து நடந்தால் நான்கு எட்டில் சாலை. ரேஷன் கார்டைப் பெட்டியில் விட்டிருந்த ஒருவர் அப்படித்தான் எழுந்து நடந்தார். வாசலில் சவுரியப்பன் சல்யூட் அடிக்காத குறையாக வழிவிட்டு, "அஞ்சரைக்கு மேல கேக்காத ஒரிஜினல் எல்லாம் கேட்பாரற்ற ஆவணம்னு தலைமை அலுவலகத்துக்குப் போயிடும்" என்றார். ரேஷன் கார்டுக்காரர் திரும்பி வந்து தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தலைமை அலுவலகம் எங்கீங்க இருக்குது?" என்று பூவரசன் கேட்டார்.

"சென்னையில."

"என் பொண்ணும் சென்னைக்குத்தாங்க போறா."

"அது போயிச் சேர எட்டு மாசம் ஆவும் தம்பி."

கைபேசி அடித்தது. கலைமதி. "அப்பா, ஃபிட்னஸ் வாங்கிட்டன். மழை வர்ற மாதிரி இருக்குது, பஸ் ஏறப் போறன். நீ வூட்டுக்கு வந்துட்டியா?"

பூவரசன் திறந்த கதவைப் பார்த்தார். "வந்துக்கிட்டே இருக்கன்மா" என்றார். அது முழுப் பொய்யும் அல்ல. காலையிலிருந்து அவர் வேறெதுவும் செய்யவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மைய அலுவலர் அருள்குமார் தம் அறையிலிருந்து வெளியே வந்தார். பத்தொன்பது பேரையும் ஒரு முறை எண்ணினார். மகிழ்ச்சியடைந்தவர்போல் தெரிந்தது. முதல் காரியமாக 'உள்ளிருப்போர் பதிவேடு' என்று ஒரு நோட்டைத் திறக்கச் சொன்னார். எல்லோரும் பெயர், ஊர், உள்ளே இருப்பதன் நோக்கம் ஆகியவற்றை எழுதினார்கள். நோக்கம் என்ற இடத்தில் எல்லோரும் 'வெளியே போக' என்று எழுதியிருந்தார்கள். அருள்குமார் அதைப் படித்துவிட்டு, "நல்லா தெளிவா எழுதியிருக்காங்க" என்று பாராட்டினார்.

"சார், அந்தப் போர்ட்டை மாத்திட்டா…" என்று பூவரசன் தொடங்கினார்.

அருள்குமார் கையை உயர்த்தினார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாருங்க. ஒரு பிரிண்டர் எந்தப் போர்ட்டுல இருக்கணும்ங்கறது நீங்களோ நானோ முடிவு பண்ற விஷயம் இல்ல. மூணு வருஷம் முன்னாடி சென்னையில இருந்து ஆளு வந்து ஒண்ணாவது போர்ட்டுல வெச்சிட்டுப் போனாங்க. ஏன் ஒண்ணுல வெச்சாங்க? எனக்குத் தெரியாது. தெரிஞ்ச காரணமா இருந்தா அதைப் பரிசீலிச்சு மாத்தலாம். தெரியாத காரணத்தை எப்படி மாத்தறது? நான் இந்த மையத்துக்கு வந்து ரெண்டு வருஷம் ஆகுது. என்மேல ஒரு புகார் கிடையாது. எப்படின்னு நீங்க கேக்கணும்."

யாரும் கேட்கவில்லை. அவரே தொடர்ந்தார்.

"எதையும் தொடல. தொட்டவங்க எல்லாம் போயிட்டாங்க. நான் இருக்கேன்."

"அந்தச் சந்தனத்தையாவது ஒரு குச்சி விட்டு எடுத்துடலாமுங்களே சார்? பழையபடி மொத ஓட்டையிலயே சொருகிடலாம்."

"எடுக்கலாம். ஆனா எடுத்ததை எழுதணும். எடுத்ததை எழுதினா வெச்சதை எழுதணும். அரசாங்கக் கம்ப்யூட்டருக்குள்ள சந்தனம் வெக்க யாரு அனுமதி குடுத்தாங்கன்னு கேப்பாங்க. அன்னிக்குத் தீபாராதனை காட்டினதே நான்தான். இப்ப நிலைமை என்னன்னா, சந்தனம் இருக்குது, ஆனா இல்ல. அதை அப்படியே விட்டுடறது எல்லாருக்கும் நல்லது."

அவர் எல்லோர் முன்னிலையிலும் தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். போர்ட் மாற்றத்துக்கு அனுமதி உண்டு என்றார்கள். கோரிக்கைக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். அருள்குமார் "நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அந்தக் கடிதத்தை எந்தப் பிரிண்டரில் எடுப்பது என்று அவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அறையில் வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பூவரசனுக்கு அந்த அமைதி பழக்கமானதுதான். ஆனால் புழுக்கொட்டகையின் அமைதிக்குள் ஆயிரம் வாய்கள் இலை தின்னும் ஓசை கேட்கும். இங்கே எதுவும் எதையும் தின்னவில்லை. நேரம் மட்டும் குறைந்துகொண்டிருந்தது.

அமுதவல்லிதான் வழி கண்டுபிடித்தார். மையத்தில் மினிட் புத்தகம் ஒன்று இருந்தது. கம்ப்யூட்டருக்கும் மூத்தது. அதில் கையால் எழுதலாம். குழு கூடி அதில் தீர்மானம் எழுதினால், அவசர நிலையில் அதுவே அனுமதியாகும். குழுவில் தலைவர், செயலாளர், பொதுமக்கள் பிரதிநிதி என்று மூன்று பேர் வேண்டும். பொதுமக்களில் பணிமூப்பு யாருக்கு என்று உள்ளிருப்போர் பதிவேட்டைப் பார்த்தார்கள். பத்து நாற்பத்திரண்டிலிருந்து உள்ளே இருப்பவர் பூவரசன்.

இவ்வாறு பட்டுப்புழு வளர்க்கும் பூவரசன், போர்ட் மாற்ற ஆய்வுக் குழுவின் உறுப்பினரானார். அவருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி போட்டார்கள். குழு, கம்ப்யூட்டரின் பின்புறத்தை டார்ச் அடித்து நேரில் பார்வையிட்டது. முதலில் தலைவர் குனிந்து பார்த்தார், பிறகு செயலாளர், பிறகு பூவரசன். உள்ளே நான்கு சிறு ஓட்டைகளும் ஒன்றில் மஞ்சளாய்க் காய்ந்த சந்தனமும் இருந்தன. 'துளைகள் நான்கு. ஒன்றில் அன்னியப் பொருள். பொருளின் தன்மை குறித்துக் குழு கருத்துக் கூறவில்லை' என்று அமுதவல்லி எழுதினார்.

"உறுப்பினருக்கு ஆட்சேபணை ஏதும் உண்டுங்களா?" என்று அருள்குமார் கேட்டார். நாற்காலி மாறியதும் 'ங்க' கூடியிருந்தது.

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க சார். அஞ்சு அம்பதுக்கு ரயிலுங்க."

"அதை எழுத வேண்டாம்."

தீர்மானம் ஒன்றரைப் பக்கம் வந்தது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது, பிரிண்டர் இரண்டாம் போர்ட்டின்மீது நிரந்தர உரிமை கோரக் கூடாது, அன்று மாலை ஐந்தரைக்கு மேல் அது ஒன்றாம் போர்ட்டில் இருப்பதாகவே கருதப்படும் என்றெல்லாம் இருந்தது. பூவரசன் தம் வாழ்நாளில் போட்ட கையெழுத்துகளிலேயே நிதானமானதை அதன் கீழே போட்டார். நேரம் நான்கு ஐம்பது.

போட்டோ எடுத்தார்கள். அருள்குமார் ஒரு கையால் மவுஸைத் தொட்டுக்கொண்டு நிற்க, அமுதவல்லி கிளிக் செய்தார். நாலே கிளிக். பிரிண்டர் ஒரு முறை தொண்டையைச் செருமியது. உருளைகள் சுழலும் சத்தம் கேட்டது. பத்தொன்பது பேரும் எழுந்து நின்றார்கள். ஒரு தாள் மெல்ல வெளியே தலை நீட்டியது. பூவரசன் அதை இரண்டு கையாலும் வாங்கினார்.

'அறிவிப்பு. இம்மையத்தின் அச்சுப்பொறி இயங்கவில்லை. பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டப்படுகிறார்கள். மைய அலுவலர்.'

"அட, நான் பதினொண்ணரைக்கு அனுப்பினது!" என்றார் அருள்குமார். "அறுபது காப்பி போட்டிருந்தேன்."

"மொதல்ல அமுக்கினது எங்க சீட்டுங்களே சார்?"

"மைய அலுவலர் அனுப்பற தாள் எப்பவும் முன்னால வரும். அப்படி ஏற்பாடு."

அறுபதும் வந்தன. குள்ளம்மாள் பசைக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகச் சுவரில் ஒட்டிக்கொண்டே போனார். அறுபதாவதை ஒட்டி முடித்து, அடுத்த தாள் உள்ளே நகர்ந்தபோது, அருள்குமார் பிரிண்டரின் ஸ்விட்சை அணைத்தார்.

நின்றிருந்த பத்தொன்பது பேரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"தப்பா நினைக்காதீங்க. அச்சுப்பொறி இயங்கவில்லைன்னு என் பேரு போட்ட அறிவிப்பு இப்ப சுவத்துல இருக்குது. இந்த நேரத்துல அது ஒரு சீட்டு அடிச்சா, அறிவிப்பு பொய்யா, சீட்டு பொய்யான்னு தணிக்கையில கேப்பாங்க."

"அறிவிப்பைக் கிழிச்சிப் போடுங்க சார்" என்றார் ரேஷன் கார்டுக்காரர்.

"கிழிக்கலாம். முதல்ல ரத்து அறிவிப்பு ஒட்டணும்."

"ஒட்டுங்க."

"அதைப் பிரிண்ட் எடுக்கணுமே" என்றார் அருள்குமார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "பிரிண்டர்தான் இயங்கலையே."

"ஒட்டினது நான்தான? நானே கிழிக்கறன் சார்" என்று குள்ளம்மாள் கையை நீட்டினார். அருள்குமார் சுவருக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் தாமாக முன்வந்து செய்த முதல் காரியம் அதுவாக இருக்கலாம்.

ஐந்து பத்துக்குக் கலைமதி வாசலுக்கு வந்துவிட்டாள். வீட்டில் அப்பா இல்லை என்றதும், முதுகில் பயணப் பையோடு நேரே வந்திருந்தாள். சவுரியப்பனின் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் பூவரசன், நடுவில் தகரப் பெட்டி.

"வந்துக்கிட்டே இருக்கன்னு சொன்னியே அப்பா!"

"வந்துக்கிட்டுத்தான் இருந்தன்."

"அங்கிள், என் சர்டிபிகேட்டுங்க. என் பேரு, என் போட்டோ. இதோ என் ஆதார். குடுத்துடுங்க."

சவுரியப்பன் அவள் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தார். "உன்னுதுதான் கண்ணு. நான் இல்லன்னு சொல்லல. ஆனா வெச்சது நீ இல்ல. சீட்டும் இல்ல. அஞ்சரைக்குப் பெட்டியை எண்ணுவாங்க. பத்தொன்பது ஒரிஜினல் இருக்கணும். ஒண்ணு கொறஞ்சா என் பென்ஷன்ல கை வெப்பாங்க."

"ஆறு வருஷமா இந்த வேலைக்குக் காத்திருக்கன்ப்பா" என்றாள் கலைமதி. பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. பூவரசன் மகளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தமக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒட்டியிருந்த அறுபது அறிவிப்புகளையும் பார்த்தார். காலையிலிருந்து கேட்ட வார்த்தைகள் எல்லாம் அவருக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி வரிசையில் நின்றன. அவர் உள்ளே திரும்பி, "தலைவர் அய்யா" என்று கூப்பிட்டார். அப்படி அவர் யாரையும் இதுவரை கூப்பிட்டதில்லை.

அருள்குமார் வந்தார்.

"பெட்டியில பத்தொன்பது ஒரிஜினல் இருக்கணும், அவ்வளவுதானுங்களே?"

"அவ்வளவுதான்."

"எந்த ஒரிஜினலுன்னு ஆர்டர்ல இருக்குதுங்களா?"

"ஏதாவது ஒரு ஒரிஜினல்."

"என்னை வெச்சிக்கோங்க. மினிட் புத்தகத்துல என் பேரு ஏறியிருக்குது, கையெழுத்து இருக்குது, போட்டோவும் எடுத்திருக்குது. நான் அரசாங்கப் பதிவுல இருக்கறவன். இந்தச் சர்டிபிகேட்டுக்கு ஈடா என்னை வாங்கிக்கிட்டு அதைக் குடுத்துடுங்க."

அருள்குமார் யோசித்தார். அவர் முகத்தில் அன்று முதல் முறையாக வேலை செய்கிற மனிதனின் களை வந்தது.

"நீங்க ஒரிஜினல்தானே?"

"ஜெராக்ஸ் யாரும் எடுத்ததில்லீங்க."

"தடை செய்யற மாதிரி விதி ஒண்ணும் ஞாபகம் வரலை" என்றார் அருள்குமார் மெதுவாக. "சவுரியப்பன், எண்ணிக்கை சரியா வருதில்ல?"

"வருது சார்."

"அப்ப மாத்திக்கோங்க. இடம் மட்டும் மாறக் கூடாது, பெட்டிக்குப் பக்கத்துலயே இருக்கணும்."

மாலை எண்ணிக்கைக்காக வைத்திருந்த சாவியால் சவுரியப்பன் பெட்டியைத் திறக்க, சான்றிதழ் வெளியே வந்தது. கலைமதி அதை வாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"அப்பா, உன்னை இப்படி வெச்சிட்டு…"

"ஓடுறி. அஞ்சு இருபத்தஞ்சு. தண்ணி பாட்டில் இருக்குதா? படியாண்ட நிக்காத. நாளைக்கு அவங்க ஒரிஜினல் கேட்டா கையில குடு, விட்டுட்டு மட்டும் வராத."

அவள் ஓடினாள். டீக்கடை திரும்புகிற இடத்தில் ஒரு முறை நின்று பார்த்தாள். பூவரசன் கையை உயர்த்தப் போனார்.

"அசையாதீங்க தம்பி, நம்பர் ஒட்டறேன்" என்றார் சவுரியப்பன். சட்டைப் பையின்மேல் ஒன்றாம் எண் எழுதிய தாள் துண்டை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். பிறகு பதிவேட்டை விரித்தார். "கிழிசல், கறை, மடிப்பு ஏதாவது உண்டா? பின்னால தகராறு வரக் கூடாது."

பூவரசன் தம்மைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "மடிப்பு இருக்குதுங்க. எழுதிக்கோங்க."

சவுரியப்பன் எழுதினார். பின்பக்கக் கதவில் ஊழியர்கள் ஒவ்வொருவராக விரல் வைத்துவிட்டுப் போகும் ஒலி கேட்டது. அவர்களுக்குச் சீட்டுத் தேவையில்லை. ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் வந்து நிற்கும் ஓசை கேட்டது. சற்று நேரம் எதுவுமில்லை. பிறகு அது கிளம்பிப் போகும் ஓசை கேட்டது. ரேஷன் கார்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து, பூவரசன் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

"என்னை எப்ப எடுத்துக்குவாங்க?" என்று பூவரசன் கேட்டார்.

"எப்ப வேணா எடுக்கலாம். வெச்சவரு சீட்டோட நேர்ல வந்து கேக்கணும். அவ்வளவுதான்."

"வெச்சவரு யாருன்னு போட்டிருக்குதுங்க?"

சவுரியப்பன் கண்ணாடியை இறக்கி, விரலால் வரியைத் தொட்டுப் படித்தார். "பூவரசன்."

பூவரசன் அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தார். ரயில் போன திசையில் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. அவர் முதுகை மெதுவாகச் சுவரில் சாய்த்தார்.

"வரட்டுங்க," என்றார். "நான் இங்கதான இருக்கன்."